திருச்சபை வளாகத்தில் சாரணச் சிறுவர்: பெங்களூரு 1909 முதல்

இந்தியாவின் முதல் சாரணர் படை 1909ஆம் ஆண்டு, பெங்களூரு தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியில் ஆங்கிலிக்கத் திருச்சபை நடத்திவந்த பிஷப் காட்டன் ஆண்கள் பள்ளியில், கேப்டன் டி. எச். பேக்கர் என்பவரால் தொடங்கப்பட்டது. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவலின் நூல் லண்டனில் வெளியான அடுத்த ஆண்டே இது நிகழ்ந்தது என்பதைச் சாரணர் வரலாற்றை எழுதியோர் பெருமையுடன் குறிப்பிடுவர். ஆனால் அந்தப் படை ஏன் ஒரு படைவீட்டிலோ அரசுப் பள்ளியிலோ தோன்றாமல் ஒரு திருச்சபைப் பள்ளியில் தோன்றியது என்ற கேள்விக்கு அவ்வளவாகக் கவனம் கிடைத்ததில்லை. சிறுவர்களை ஓர் இயக்கத்தில் சேர்ப்பது என்பது முதலில் பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவதாகும். மாலை வேளையில் பிள்ளையை அனுப்பி வைக்க ஓர் இடம் வேண்டும், அங்கே பொறுப்பேற்கும் பெரியவர்கள் வேண்டும், அவர்களுக்குப் பின்னால் ஊரறிந்த ஒரு நிறுவனம் வேண்டும். இம்மூன்றையும் அன்றைய திருச்சபை ஒருசேரக் கொடுத்தது. இந்தக் கொடையின் பயனும் குறையும் அதற்குப் பிந்தைய நூறாண்டு வரலாற்றில் தொடர்ந்து வெளிப்பட்டன. திருச்சபை தன் வாயிலை எவ்வளவு அகலமாகத் திறந்தது, தன் சமய போதனையை எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டது என்பவற்றைப் பொறுத்தே இயக்கம் இந்திய மண்ணில் வேர்விட்டது என்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

பள்ளியின் பெயரிலேயே இதன் முன்கதை அடங்கியிருக்கிறது. ஜார்ஜ் எட்வர்ட் லிஞ்ச் காட்டன் 1858இல் கல்கத்தாவின் ஆயராக வருவதற்கு முன், இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் தாமஸ் ஆர்னால்டின் கீழ் ஆசிரியராகவும், பின்னர் மார்ல்பரோ கல்லூரியின் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். ஆர்னால்டின் காலத்திலும் அவருக்குப் பின்னரும் ரக்பியைச் சுற்றி வளர்ந்த கல்விமுறை, பிற்காலத்தில் 'தசைவலிமைக் கிறித்தவம்' என்று அழைக்கப்பட்ட ஒரு கருத்தோட்டத்தோடு இணைந்தது: ஒரு சிறுவனின் ஒழுக்கம் வேதப்பாடத்தால் மட்டும் உருவாவதில்லை, விளையாட்டுத் திடலும் கூட்டு வாழ்வும் மூத்த மாணவர் இளையவருக்குப் பொறுப்பேற்கும் வழக்கமும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன என்பது அதன் சாரம். மார்ல்பரோவில் கட்டுக்கடங்காமல் கிடந்த மாணவர்களை ஒழுங்குபடுத்தக் காட்டன் கையாண்ட வழிகளில் ஒழுங்கமைந்த விளையாட்டும் ஒன்று. அவர் 1866இல் குஷ்டியாவில் ஆற்றில் தவறி விழுந்து இறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1865இல், அருட்பணியாளர் சாமுவேல் தாமஸ் பெட்டிகுரு பெங்களூரில் தொடங்கிய பள்ளிதான் அவர் பெயரைத் தாங்கியது.

அந்தப் பள்ளியை 1871 முதல் 1882 வரை தலைமை தாங்கி நடத்தியவர் தமிழ் வாசகருக்கு நன்கு அறிமுகமான ஜி. யு. போப். திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட அந்த அறிஞர், தம் வாழ்வில் பதினோராண்டுக் காலத்தைப் பெங்களூரில் பள்ளிச் சிறுவர்களோடு கழித்தவர் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. போப்பின் காலத்தில் நிலைபெற்ற அப்பள்ளியில், அவர் மறைந்த 1908ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டே சாரணர் படை தோன்றியது. கால அளவில் இது தற்செயல் பொருத்தமே. எனினும் கூட்டு வாழ்வாலும் திடலாலும் ஒழுக்கத்தை வளர்க்கலாம் என்று நம்பிய ஒரு பள்ளிக்குச் சாரணர் முறை புதுமையாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

சாரணர் இயக்கமே திருச்சபைகளின் சிறுவர் பணியிலிருந்து கிளைத்தது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. 1883 அக்டோபர் 4 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர் 'பாய்ஸ் பிரிகேட்' என்ற சிறுவர் அமைப்பைத் தொடங்கினார். தன்னார்வப் படையிலும் அதிகாரியாக இருந்த அவர், ஞாயிறு பள்ளியில் கட்டுக்குள் நிற்காத சிறுவர்கள் அணிவகுப்புப் பயிற்சியில் மட்டும் ஒழுங்காக நிற்பார்கள் என்று கருதி, வேதப்பாடத்தையும் பயிற்சியையும் ஒன்றாக இணைத்தார். ஆங்கிலிக்கரும் யூதரும் கத்தோலிக்கரும் தத்தமக்கெனச் சிறுவர் படைகளை அடுத்தடுத்து அமைத்துக்கொண்டனர். 1904இல் கிளாஸ்கோவில் ஸ்மித்தின் அமைப்பைப் பார்வையிட்ட பேடன் பவல், பயிற்சியில் இன்னும் பன்முகத்தன்மையும் ஈர்ப்பும் இருந்தால் இதைவிடப் பன்மடங்கு சிறுவர் சேர்வர் என்று கருத்துரைத்தார். படைவீரர்களுக்காக 1899இல் அவர் எழுதிய உளவுப் பயிற்சி நூலைச் சிறுவர்களுக்கேற்ப மாற்றி எழுதுமாறு ஸ்மித் அவரைத் தூண்டினார். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் நடந்த சோதனை முகாமில் பங்கேற்ற சுமார் 20 சிறுவர்களில் ஒரு பகுதியினர் உயர்குடிப் பள்ளி மாணவர். ஏனையோர் பூல், போர்ன்மத் நகரங்களின் பாய்ஸ் பிரிகேடிலிருந்து வந்தவர்கள். லக்னோவிலும் மீரட்டிலும் குதிரைப்படை அதிகாரியாக இருந்த காலத்தில், வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துத் தாமே சிந்தித்துச் செயல்படப் பழக்கிய அனுபவத்தைப் பேடன் பவல் இந்தத் திருச்சபை மரபோடு சேர்த்தார். இவ்வாறு இந்தியப் படைவீடும் ஸ்காட்லாந்தின் ஞாயிறு பள்ளியும் ஒன்றுகூடிப் பிறந்த முறைதான் 1909இல் பெங்களூரின் ரெசிடென்சி சாலை அருகே வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தப் படையில் சேர முடிந்த சிறுவர் யார் என்ற கேள்வி கசப்பானது. 1881இல் மைசூர் அரசு உடையார் குலத்திடம் திருப்பியளிக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி, 'குடிமை மற்றும் படை நிலையம்' என்ற பெயரில், 1947 வரை பிரித்தானியர் கையிலேயே இருந்தது. அங்கே மிகுந்து வாழ்ந்தவர்கள் தமிழர். சென்னைப் படையோடு வந்த சிப்பாய்கள், வணிகர்கள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள் ஆகியோரின் வழிவந்த அவர்கள் அல்சூரிலும் இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதியிலும் குடியிருந்தனர். தமிழில் வழிபாடு நடத்தும் ஆலயங்கள் அவர்களுக்கென இருந்தன. ஆயினும் முதல் சாரணர் படையும், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் கிர்க்கி, ஜபல்பூர், சென்னை, பம்பாய் முதலிய இடங்களில் தோன்றிய படைகளும் ஐரோப்பியச் சிறுவர்க்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கும் மட்டுமே உரியவையாக இருந்தன. அதே திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற தமிழ்ச் சிறுவனுக்கும் அவற்றில் இடமில்லை. இந்திய இளைஞருக்குத் தடம் அறிதல், சைகை அனுப்புதல், முகாமிடுதல் போன்றவற்றைக் கற்றுக்கொடுத்தால் அவை ஆட்சிக்கெதிராகத் திரும்பக்கூடும் என்று அரசு அஞ்சியதே இதற்கு முதன்மைக் காரணம். திருச்சபை அந்தத் தடையை உருவாக்கவில்லை என்றாலும், அதை எதிர்க்கவும் முன்வரவில்லை. சமயம் ஒன்றாயிருந்தும் நிறத்தின் எல்லையைத் தாண்ட இயலாமற்போனதை அதன் புரவல் வரலாற்றின் பெருங்குறையாகவே கருத வேண்டும்.

அந்தத் தடையை உடைத்தவர்கள் திருச்சபைக்கு வெளியே இருந்தவர்கள். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான விவியன் போஸ் மத்திய மாகாணத்தில் இந்தியச் சிறுவர்களைச் சேர்க்க உழைத்தார். அடையாற்றில் பிரம்மஞான சபைக்குத் தலைமை வகித்த அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலுடன் இணைந்து 1916–17 காலத்தில் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அகன்ற விளிம்புத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகையும், ஆங்கிலப் பாட்டுக்குப் பதிலாக இந்தியப் பாடல்களும் அச்சங்கத்தின் அடையாளங்களாயின. அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதியின் வழியாகத் தனியொரு சாரணர் அமைப்பை வளர்த்தனர். மைசூர் சமஸ்தானத்தில் அரண்மனையின் ஆதரவோடு இயக்கம் பரவியது. பெங்களூருக்கு அருகே தொட்டபள்ளாபுரத்திலுள்ள சாரணர் பயிற்சி வளாகம் இன்றும் அன்னி பெசன்ட்டின் பெயரையே தாங்கி நிற்பது, கன்னட நாட்டில் சாரணியம் பரவியதில் அவருக்கிருந்த பங்கின் சான்றாகும். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது பெசன்ட்டின் சங்கம் பேடன் பவலின் தாய் அமைப்போடு இணைந்தது. 1937இல் அவர் மீண்டும் வந்து சென்றபின் இந்தியரின் பண்பு குறித்து அவர் கூறியதாக வெளியான கருத்துகள் எழுப்பிய மனவருத்தத்தால் மறுபடி பிளவு நேர்ந்து, 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது. நாடு விடுதலை பெற்றபின், 1950 நவம்பர் 7 அன்று இவை ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர்.

இந்த வரலாற்றில் மிக இளைய சிறுவர்களின் வருகை தனியே நோக்கத்தக்கது. 1908இல் வகுக்கப்பட்ட முறை பதினொரு வயதுக்கு மேற்பட்டோரை எண்ணியே அமைந்தது. அண்ணன்மாரின் முகாம்களைப் பார்த்து ஏங்கிய தம்பிகள் தாமும் சேர வேண்டும் என்று விடாது கேட்டதாலும், சில படைத்தலைவர்கள் விதியை மீறி அவர்களைச் சேர்த்துக்கொண்டதாலும், 1914இல் ஒரு சோதனைத் திட்டமும் 1916இல் முழுமையான கைந்நூலும் வெளிவந்தன. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'குருளையர்' என வழங்கும் பிரிவு இதுவே. அதன் உருவாக்கத்தில் பேடன் பவலுக்குத் துணைநின்றவர் வேரா பார்க்லே. ஆங்கிலிக்கப் பாதிரியார் ஒருவரின் மகளான அவர், தம் ஊர்ச் சிறுவர்களைத் திரட்டி நடத்திய அனுபவத்தைக் கொண்டு, சிறுவயதினரைப் பெண்களே சிறப்பாக வழிநடத்த முடியும் என்பதை நிலைநாட்டினார். பிற்காலத்தில் கத்தோலிக்கராக மாறிய பார்க்லேயின் எழுத்துகளில், குருளையர் பணி என்பது சமய வகுப்பின் மறுவடிவம் அல்ல, குழந்தையின் நற்பண்பை விளையாட்டின் வழியே மலரச் செய்யும் பணி என்ற எண்ணம் அழுத்தமாக நிற்கிறது.

குருளையர் பிரிவுக்கான கதைக்களம் இந்தியாவிலிருந்தே எடுக்கப்பட்டது. கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' நூலில் வரும் சியோனிக் காடு, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ளது. அங்கே ஓநாய்க் கூட்டத்தில் வளரும் மௌக்லியும், கூட்டத்தலைவன் அகேலாவும், பாடம் சொல்லும் கரடி பாலுவும், கருஞ்சிறுத்தை பகீராவும் எட்டு வயதுச் சிறுவனின் கற்பனையை உடனே பற்றிக்கொள்ளும் பாத்திரங்கள். ஒரு கூட்டம் தொடங்கும் முறையைக் கவனித்தால் அதன் நுட்பம் விளங்கும். சிறுவர்கள் வட்டமாக நிற்பர். நடுவே 'அகேலா' எனப்படும் தலைவர் வந்து நின்றதும் எல்லோரும் குந்தி அமர்ந்து, முன்னங்கால் ஊன்றிய ஓநாய்க் குட்டிகளைப் போல இரண்டு கைகளின் விரல்களையும் கால்களுக்கிடையே தரையில் ஊன்றி, ஒரே குரலாக ஓங்கி ஒலியெழுப்பியபின் துள்ளி எழுந்து, தம்மால் இயன்ற மட்டும் முயல்வதாக முழங்குவர். கூச்சத்தால் வாய்திறவாத சிறுவனும் அந்தக் கூட்டொலியில் குரலெடுத்து விடுகிறான். பிறகு ஆறு ஆறு பேராகப் பிரிந்து விளையாடுகிறார்கள். ஒவ்வொரு ஆறுபேருக்கும் அவர்களிலேயே ஒருவன் தலைவன். கயிற்றின் இரு முனைகளை வலத்தை இடத்தின்மேலும் பின்னர் இடத்தை வலத்தின்மேலும் மடித்து முடிச்சிடக் கற்கும் சிறுவன், தவறாகப் போட்டால் அது நழுவிவிடும் என்பதைத் தானே இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். யாரும் அவனைக் கண்டிக்க வேண்டியதில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லப்படும் நல்லொழுக்கத்துக்கும் இங்கே கைகளின் வழியே கற்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இந்த வேறுபாட்டை உணர்ந்த திருச்சபைகளே குருளையர் பணியில் வெற்றி கண்டன.

கத்தோலிக்கத் திருச்சபை தொடக்கத்தில் இவ்வியக்கத்தை ஐயத்துடன் நோக்கியது. பிரான்சு நாட்டு இயேசு சபைக் குரு ஜாக் செவன், இம்முறைக்கும் கத்தோலிக்க ஆன்மிகத்துக்கும் முரண் இல்லை என்று வாதிட்டு 1920இல் பிரெஞ்சு கத்தோலிக்கச் சாரணர் அமைப்பை நிறுவிய பின்னரே அந்த ஐயம் மெல்ல விலகியது. அவர் காட்டிய வழி, ஒரே சமயத்தவருக்கான சாரணர் அமைப்பு. இந்தியா தேர்ந்துகொண்ட வழி வேறு.

சாரணன் எடுக்கும் உறுதிமொழி கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்ற வேண்டிய கடமையை முதலில் வைக்கிறது. பாரத சாரண சாரணியர் இயக்கம், விரும்புவோர் 'கடவுள்' என்பதற்குப் பதிலாகத் 'தர்மம்' எனச் சொல்லலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. ஆங்கிலிக்கப் பாதிரியாரின் மகனாகிய பேடன் பவலே எந்தச் சமயத்தையும் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் இந்தியா செய்த இந்த விரிவு அவர் எண்ணியதைவிட ஆழமானது. கடவுள் நம்பிக்கை இல்லாத குடும்பத்துச் சிறுவனும், கடவுளை முன்னிறுத்தாத சமண, பௌத்த மரபுகளைச் சேர்ந்த சிறுவனும் பொய்யுரைக்காமல் உறுதி எடுக்க அது வழிசெய்தது. முகாம்களில் நடக்கும் சர்வ சமய வழிபாட்டில் பல மறைகளின் பகுதிகளும் அடுத்தடுத்து ஓதப்படுவதை, கிறித்தவ நிறுவனம் நடத்தும் பள்ளியின் சிறுவனும் அமைதியாக அமர்ந்து கேட்கிறான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கரும் மெத்தடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரியரும் கான்கிரிகேஷனல் சபையினரும் ஒரே சபையாயினர். பிஷப் காட்டன் பள்ளியும் இன்று அச்சபையின் கர்நாடக மத்தியப் பேராயத்தைச் சார்ந்ததே. தம்முள் வேறுபட்ட மரபுகளை ஒன்றாகக் கட்டிக்கொள்ளப் பழகிய ஒரு சபைக்கு, பிற சமயச் சிறுவர்களோடு ஒரே வட்டத்தில் நிற்கும் பழக்கம் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

அரசமைப்புச் சட்டமும் இங்கே தெளிவான எல்லையை வகுத்திருக்கிறது. 30ஆம் உறுப்பு சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28ஆம் உறுப்பின் மூன்றாம் கூறு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் எந்த மாணவனையும் அவனுடைய சம்மதமின்றி, அவன் சிறுவனாயின் காப்பாளரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பெங்களூரின் திருச்சபைப் பள்ளிகளில் பயில்வோரில் பிற சமயத்தவர் ஏராளம். ஆகவே அங்கே செயல்படும் குருளையர் குழு மறைக்கல்வி வகுப்பின் நீட்சியாக இருப்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை, சாரணியத்தின் இயல்பிலும் இடமில்லை.

இதைவிட அவசரமான ஒன்று, யார் சேர்க்கப்படுகிறார்கள் என்ற பழைய வினா புதிய வடிவில் நிற்பது. நிறத்தின் தடை நீங்கிவிட்டது. கட்டணத்தின் தடை நிற்கிறது. சாரணர் குழு பள்ளியோடு மட்டும் பிணைந்திருக்கும்போது, அந்தப் பள்ளியின் கட்டணத்தைச் செலுத்த இயலாத சிறுவனுக்கு அதன் திடலும் எட்டுவதில்லை. ஒரு நிறுவனத்தைச் சாராமல் வட்டாரத்துச் சிறுவர் அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் 'திறந்த குழு' என்ற முறையைப் பாரத சாரண சாரணியர் இயக்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் உள்ள தமிழ் ஆலயங்களின் கூடங்கள் வார நாள்களின் மாலையில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. அவற்றில் மாநகராட்சிப் பள்ளிச் சிறுவரைக் கொண்டு திறந்த குழுக்களை நடத்துவதற்குப் பெரும் செலவு தேவையில்லை. நகரின் நெரிசலில் விளையாட இடமற்றுப் போன பிள்ளைகளுக்குத் திருச்சபை இன்று அளிக்கக்கூடிய மிகப் பெரிய கொடை அதன் நிலமே.

நிலத்தோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது என்பதற்கு அமெரிக்க அனுபவம் கடுமையான சான்று. அங்கே சாரணர் குழுக்களைத் திருச்சபைகள் நேரடியாகவே ஏற்று நடத்தின. 1913இல் இம்முறையில் சேர்ந்த பிற்காலப் புனிதர் திருச்சபை, அதாவது மார்மன் சபை, தன் சிறுவர் அனைவருக்கும் சாரணர் பயிற்சியைச் சபை வாழ்வின் பகுதியாகவே ஆக்கி, மிகப் பெரும் புரவலராக வளர்ந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியோடு அவ்வுறவை முடித்துக்கொண்டு, உலகெங்குமுள்ள தன் பிள்ளைகளுக்கென ஒரே திட்டத்தை அது வகுத்துக்கொண்டது. 2020 பிப்ரவரியில் அமெரிக்கச் சாரணர் அமைப்பு திவால் பாதுகாப்பு கோரியபின், சிறுவயதில் சாரணர் தலைவர்களால் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் முறையிட்டனர். இழப்பீட்டுக்காக ஏறத்தாழ 246 கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. பல்லாண்டுகளாகத் தகவல் அறிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் அமைப்புக்குள்ளேயே கோப்புகளில் பூட்டி வைத்த வழக்கம் இதில் வெளிப்பட்டது. குழுக்களை ஏற்று நடத்திய திருச்சபைகளும் பொறுப்பிலிருந்து விலகி நிற்க முடியவில்லை.

குருளையரின் விதிகளில் முதலாவது, மூத்தோருக்குப் பணிந்து நடத்தல். சிறுவனைச் சேர்க்கும்போதே இந்தப் பணிவைக் கற்பிக்கும் அமைப்பு, அந்தப் பணிவுக்கு எல்லை எங்கே என்பதையும் அவனுக்கு அதே நாளில் சொல்லித்தரக் கடமைப்பட்டது. திருச்சபையின் பெயரால் பெற்றோர் வைக்கும் நம்பிக்கை எவ்வளவு பெரிதோ அவ்வளவு எளிதாக அது சிறுவனின் வாயை அடைத்தும் விடக்கூடும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதில் எந்த மயக்கத்துக்கும் இடம் வைக்கவில்லை: சிறார்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர், படைத்தலைவராயினும் ஆயராயினும், காவல் துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரையிலும், தம் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவர் ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை பெறுவர். பங்குப்பேரவையோ சபை மன்றமோ உள்ளுக்குள் விசாரித்து முடித்துக்கொள்வது, அச்சட்டத்தின் கீழ், விசாரணை ஆகாது.